அஞ்சு தோட்டாவும் ஒரு காகிதத் தட்டும்

வரிக்குழலா, வழுக்கைக் குழலா? பன்னிரண்டா, இருபதா? ஃபாஸ்டரா, பிரென்னெக்கேயா, சபோவா? தோட்டா இரண்டே முக்கால் அங்குலமா, மூன்று அங்குலமா? சோக் டியூப் சிலிண்டரா, இம்ப்ரூவ்டு சிலிண்டரா, உள்ளே வரி வெட்டியதா? குழலின் மேலே மணியா, சிவப்புப் புள்ளியா, டெலஸ்கோப்பா? ஒஹாயோவில் இன்றைக்கு ஒருவன் மானின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே இத்தனைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். நான் இந்த ஊருக்கு வந்த காலத்தில் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: தேங்ஸ்கிவிங் முடிந்து துப்பாக்கி வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை விடிகாலை நாலரைக்கு எழுந்திருப்பதா, போர்வையை இழுத்து மூடிக்கொள்வதா.

நான் கோயம்புத்தூர் பீளமேட்டில் லேத் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்தவன். தொண்ணூறுகளில் மெஷின் டூல் வேலைக்காக ஒஹாயோவின் மேற்கு ஓரத்தில் டார்க் கவுண்டிப் பக்கம் வந்து சேர்ந்தேன். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தட்டை நிலம். மக்காச்சோளம், அது முடிந்தால் சோயா, நடுநடுவே நாலு ஏக்கருக்கு ஒரு தோப்பு. குறி பார்த்துச் சுடுவதில் உலகப் புகழ் பெற்ற ஆனி ஓக்லி 1860இல் பிறந்தது இந்தக் கவுண்டியில்தான். சிறுமியாக இருக்கும்போதே காட்டுப் பறவைகளையும் முயலையும் சுட்டு விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றிய பெண். அந்த ஊரில் குடியேறிவிட்டுத் துப்பாக்கி எதற்கு என்று கேட்டால், பழனியில் வீடு கட்டிக்கொண்டு மலைக்குப் போக மாட்டேன் என்று சொன்னவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

எனக்குத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தவர் பக்கத்து நிலத்துக்காரர். அவரைப் பெரியவர் என்றே சொல்கிறேன். ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் செலவழிக்காத மனிதர். அவரிடம் இருந்தது ரெமிங்டன் 870 பம்ப். 1950இல் வந்து இன்று வரைக்கும் அமெரிக்கக் கொட்டகைகளில் மண்வெட்டிக்குப் பக்கத்தில் சாத்தி வைக்கப்படுகிற மாடல். குழலின் நுனியில் ஒரு பித்தளை மணி, அவ்வளவுதான் குறி. ஒஹாயோ சட்டப்படி மூன்று தோட்டாவுக்கு மேல் உள்ளே போகக் கூடாது. அதற்காக மேகசினுக்குள் அவரே சீவிய ஒரு மரக்குச்சி கிடந்தது.

ஊருக்குப் போன் போட்டபோது அம்மாவிடம் சொல்லிவிட்டேன். “ஏங் கண்ணு, மானச் சுட்டா புடிச்சு உள்ள போட்டுருவாங்கல்ல?” என்றாள். அவள் பயத்தில் நியாயம் உண்டு. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் ஊரில் மான் என்பது கோர்ட் வாசலில் நிற்கிற பிராணி. இங்கே அரசாங்கமே உரிமம் அச்சடித்து விற்று, பெண் மானையும் சேர்த்துச் சுடுங்கள் என்று கெஞ்சுகிறது என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை.

உண்மையில் ஒஹாயோவிலும் ஒரு காலத்தில் மான் இல்லாமல் போயிருந்தது. காட்டை வெட்டி வயலாக்கி, கண்ட நேரத்தில் சுட்டு, 1904 வாக்கில் மாநிலத்தில் மானே இல்லை என்ற நிலை. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், அக்கம்பக்கத்து மாநிலங்களிலிருந்து தானாகவும் வந்தது. 1943இல் மூன்று கவுண்டிகளில் மட்டும் வேட்டையைத் திறந்தபோது விழுந்தவை 168. பிறகு 1956 முதல் 88 கவுண்டியிலும் வேட்டை. 1988இல் அதையே மாநில விலங்காகவும் அறிவித்தார்கள். கௌரவத்தையும் உரிமத்தையும் ஒன்றாகக் கொடுக்கிற ஊர்.

இந்தத் தட்டை நிலம்தான் ஸ்லக் கதைக்கு மூலகாரணம். ரைஃபிள் குண்டு தப்பினால் மைல் கணக்கில் போகும். தடுக்க ஒரு குன்று கிடையாது, மூன்றாவது வயலில் யாரோ ஒருவர் வீடு. அதனால் ஒஹாயோ, இல்லினாய், அயோவா போன்ற மாநிலங்கள் மானுக்கு ரைஃபிள் கூடாது, ஷாட்கன்தான் என்று வைத்திருந்தன. ஷாட்கன் என்பது வாத்துக்கும் முயலுக்கும் ரவை சிதறுகிற துப்பாக்கி. மானுக்கு ரவை போதாது. ஆகவே ரவைக்குப் பதில் ஒற்றை ஈயக் கட்டி: அதுதான் ஸ்லக். பன்னிரண்டு கேஜ் குழலின் உள்விட்டம் பதினெட்டரை மில்லிமீட்டர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாகப் பிடித்தால் ஒரு உருண்டை அதற்குள் கச்சிதமாக உட்காரும், கேஜ் கணக்கு அதுதான். ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் ஈயம் நொடிக்கு 1600 அடி வேகத்தில் வருகிறது. மறுமுனையில் இருப்பது மான். இந்த முனையில் இருப்பது கொங்கு நாட்டு அறுபது கிலோ உடம்பு. நியூட்டன் இரண்டு பேருக்கும் பாரபட்சம் பார்க்கவில்லை.

அன்றைக்குக் கடை என்பது சின்ன ஊர் ஹார்டுவேர் கடை. ஆணி, பெயின்ட், கோழித் தீவனம், அதற்குப் பின்னால் ஒரே ஒரு தட்டில் ஸ்லக். அட்டை டப்பியில் அஞ்சு தோட்டா. இரண்டு மூன்று கம்பெனி, எல்லாமே ஃபாஸ்டர் வகை. 1931இல் கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்கர் வடிவமைத்தது: முன்பக்கம் கனத்த ஈயம், பின்பக்கம் குடைந்த பள்ளம். இறகுப்பந்து எப்படித் தலைகீழாக அடித்தாலும் தக்கைப் பக்கத்தை முன்னால் திருப்பிக்கொண்டு போகிறதோ அதே தத்துவம்; சுழலாமலே நேராகப் போகும். மேலே சாய்வாக வரி போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு இதுதான் ஸ்லக்கைச் சுழற்றுகிறது என்று காபிக் கடையில் சத்தியம் செய்வார்கள். அதில் பெரிய சுழற்சி ஒன்றும் வராது. நுனி குறுகிய குழலில் நுழையும்போது ஈயம் நசுங்கி வழிவிட அந்த வரிகள் உதவும், அவ்வளவுதான். ஜெர்மனிக்காரர் பிரென்னெக்கே இதற்கு முப்பது வருஷம் முன்பே, 1898இல், பின்னால் தக்கை மாட்டிய கட்டி ஸ்லக் ஒன்றைச் செய்துவிட்டார். எங்கள் ஹார்டுவேர் கடைக்கு அது வந்து சேரவில்லை.

பெரியவர் பாடம் நடத்தியது அறுவடை முடிந்த சோயா வயலின் ஓரத்தில், வாய்க்கால் கரைமேட்டுக்கு எதிரே. கரையில் ஒரு மரக்கட்டை, கட்டையில் ஆணி அடித்து ஒரு காகிதச் சாப்பாட்டுத் தட்டு. தட்டின் அளவு மானின் நெஞ்சுக்கூட்டில் உயிர்நிலை இருக்கும் அளவு. முதலில் 25 கெஜம். மூன்று தோட்டா. மூன்றும் தட்டுக்குள் விழுந்தால் பின்னால் நடக்கலாம். பிறகு 40. பிறகு 50. மூன்றில் ஒன்று எந்த இடத்தில் தட்டை விட்டு வெளியே போகிறதோ, அங்கே பூட்ஸ் காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார். “இதுக்கு அந்தப் பக்கம் நிக்கிற மான் உன்னோடது இல்ல” என்றார். அன்றைய இருபது வார்த்தையில் பாதி அதிலேயே தீர்ந்தது.

சோக் பற்றி, அதாவது குழல் நுனியின் குறுக்கத்தைப் பற்றி, ஒரு வார்த்தை பேசவில்லை. பேச ஒன்றும் இல்லை. அவருடைய குழலில் நுனி எப்படிக் குறுகியிருந்ததோ அப்படித்தான், கழற்ற முடியாது. வாத்து சுடுகிற குழல் வேறு, மான் சுடுகிற குழல் வேறு. கொட்டகையில் மாற்றிக்கொண்டு வருவார்.

ஆனால் அந்த நேரத்திலேயே எங்களுக்குத் தெரியாமல் உலகம் வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரர்களுக்கு வியாபாரம் புரிந்திருந்தது. ரைஃபிள் கூடாது என்கிறதா சட்டம்? நல்லது. ஷாட்கன் குழலுக்குள்ளேயே ரைஃபிளைப் போல் திருகுத் தடம் வெட்டுவோம். பெயர் மட்டும் ஷாட்கன். அதற்குத் தோதாகப் பிளாஸ்டிக் உறைக்குள் மெல்லிய ரைஃபிள் குண்டு ஒன்றை வைத்து, சபோ என்று விற்றார்கள். தடம் உறையைப் பிடித்துச் சுழற்றும், உறை குண்டைச் சுழற்றும். வாயை விட்டு வெளியே வந்ததும் உறை கழன்று விழ, குண்டு மட்டும் சுழன்றுகொண்டே போகும். 1600 அடி வேகம் 2000 அடி ஆயிற்று. அறுபது எழுபது கெஜத்தோடு கைகட்டி நின்றவர்கள் நூற்றைம்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். குழல்மேல் டெலஸ்கோப் ஏறியது. அஞ்சு தோட்டா டப்பி 20 டாலரைத் தொட்டது.

இதற்கிடையே பென்சில்வேனியா சட்டமன்றம் ஒரு ஆய்வு செய்யச் சொன்னது. 2007இல் அறிக்கை வந்தது. தரைக்கு இணையாகச் சுட்டால் ஸ்லக் மண்ணில் பட்டு எகிறித் தெறித்து ஓடுகிற தூரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; பார்த்தால், ஷாட்கன்தான் ரைஃபிளைவிடப் பாதுகாப்பு என்று எப்போதும் சொல்லிவிட முடியாது என்றது அறிக்கை. பல வருஷம் எதை நம்பிச் சட்டம் நின்றதோ அதன் அடியிலேயே கை வைத்தாயிற்று. 2014இல் ஒஹாயோ கழுத்து குறுகாத நேர்ச்சுவர்த் தோட்டா போடுகிற ரைஃபிள்களை மான் வேட்டைக்கு அனுமதித்துவிட்டது. அயோவாவும் இல்லினாயும் பிற்பாடு வந்தன. ரைஃபிளைத் தடுப்பதற்காக ஷாட்கன். ஷாட்கனை ரைஃபிளாக்குவதற்காக முப்பது வருஷ ஆராய்ச்சி. ஆராய்ச்சி முடிந்ததும் ரைஃபிளுக்கே அனுமதி. நம் ஊர்த் தாலுகா ஆபீஸில்கூட ஒரு கோப்பு இத்தனை அழகாகச் சுற்றி வந்ததில்லை.

இனி நம் தம்பி கதை. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த மதுரைப் பையன், எச்-1பி விசா. விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசுச் சட்டம். ஆனால் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு. இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை. வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தான், உரிமம் எடுத்தான், மாஸ்பர்க் 500 ஒன்றை வாங்கினான். வீடியோ பார்த்தே பட்டம் வாங்கியவன். ஒரு சனிக்கிழமை டிக்கியைத் திறந்து காட்டினான்.

“அண்ணா, ஆறு சோக் டியூப் செட். சபோ ரெண்டு டப்பி, எல்லாம் பிரீமியம். நூத்தைம்பது கெஜம் கேரண்டின்னு போட்டிருக்கான்.”

“குழலுக்குள்ள வரி இருக்கா தம்பி?”

“வரியெல்லாம் சேத்துத்தாண்ணா பில்லு.”

குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்கச் சொன்னேன். கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது. வாத்துக்குச் செய்த வழுக்கைக் குழல். இதில் சபோவைப் போட்டால் சுழற்ற ஆளில்லை. சுட்டுப் பார்க்கட்டும் என்று விட்டேன். 50 கெஜத்தில் இருந்த காகிதத்தில் ஒரு ஓட்டை இடது மேல் மூலையில், ஒன்று வலது ஓரத்தில், மூன்றாவதைக் காணவே இல்லை. கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் வேடிக்கை: ஓட்டை வட்டமாக இல்லை. குண்டு பக்கவாட்டில் கவிழ்ந்து போய் நீளவாக்கில் கிழித்திருந்தது, நுனியும் அடியும் அச்சுப் பதித்தாற்போல் தெரிந்தன. ஒவ்வொரு தோட்டாவுக்கும் நாலு டாலர் என்று அவன் முகத்தில் கணக்கு ஓடியது.

பிறகு குழல் நுனியில் திருகி மாட்டுகிற டியூப்களை மேசைமேல் பரப்பினோம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும். வித்தியாசம் எல்லாம் லேத்காரர்கள் ‘தவ்’ என்பார்களே, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அந்தக் கணக்கில். சிலிண்டர் என்றால் குறுக்கமே இல்லை. இம்ப்ரூவ்டு சிலிண்டர் பத்து தவ். மாடிஃபைடு இருபது. ஃபுல் என்றால் முப்பத்தைந்து, நாற்பது. பல கம்பெனிகள் டியூபின் விளிம்பில் வெட்டு போட்டு அடையாளம் வைக்கின்றன, அதுவும் தலைகீழாக: ஒரு வெட்டு என்றால் ஃபுல், நாலு வெட்டு என்றால் இம்ப்ரூவ்டு சிலிண்டர். தம்பி தோட்டாவைத் திணிக்கும்போது குழலில் இருந்தது ஒரு வெட்டு டியூப். ‘ஃபுல்’ என்றால் முழு சக்தி என்று நினைத்திருக்கிறான். வான்கோழி ரவையை நெருக்கிப் பிடிப்பதற்கான டியூப் அது. ஈயக் கட்டியை அந்த இடுக்கில் நுழைத்தால் கட்டியும் உருக்குலையும், குறியும் போகும், டியூபும் கெடலாம். உறைக்குள் இருந்த குண்டு மெல்லியது என்பதால் அன்றைக்கு டியூப் பிழைத்தது.

என்னிடம் இருந்த சாதா ஃபாஸ்டர் டப்பியை எடுத்தேன். இம்ப்ரூவ்டு சிலிண்டர் டியூபின் மரையில் லேசாக எண்ணெய் தடவி, சாவி போட்டு இறுக்கி மாட்டினான். முதல் மூன்று தோட்டாவும் அவனுடைய உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. டியூபைச் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். அதற்குள் கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஸ்லக் அடிக்கிற அதிர்வில் அது இயல்பு, அடிக்கடி கை வைத்துப் பார்க்க வேண்டும். இதை ஒரு வீடியோவிலும் சொல்லவில்லையாம். சிலிண்டர் டியூபிலும் போட்டுப் பார்த்தோம், கொஞ்சம் பரந்தது. வேறு கம்பெனித் துப்பாக்கியில் இதுவே மாறி வரலாம். இதில் சாஸ்திரம் கிடையாது. அந்தக் குழலுக்கு எந்தத் தோட்டா ஒத்துப்போகிறது என்று குழல்தான் சொல்ல வேண்டும், காகிதத்தில் சொல்லும்.

செட்டில் ஆறாவதாக ஒரு டியூப், உள்ளே வரி வெட்டியது. வழுக்கைக் குழல்காரர்களுக்கு ஆறுதல் பரிசு. இரண்டு மூன்று அங்குல நீளத்தில் எவ்வளவு சுழற்சி கொடுக்க முடியுமோ அவ்வளவு கொடுக்கும். மிச்சமிருந்த சபோக்களை அதில் போட்டான். ஓட்டைகள் வட்டமாயின, காகிதத்துக்குள்ளும் வந்தன. பரவாயில்லை ரகம். ஆனால் முழுநீள வரிக்குழல் செய்கிற வேலையை இது செய்யாது, அந்த விலைத் தோட்டாவை இதற்காக வாங்குவது வீண் என்பது என் அபிப்பிராயம். எதிர்ப்பக்கமும் உண்டு: வரிக்குழல் வைத்துக்கொண்டு மலிவு என்று சாதா ஃபாஸ்டரைச் சுட்டுத் தள்ளுகிறவர்களின் தடத்தில் ஈயம் படிந்து அடைத்துக்கொள்ளும். சாயங்காலம் முழுக்கப் பித்தளைத் துடைப்பமும் கையுமாக உட்கார வேண்டியதுதான்.

தோள் வலிக்கு நான் சொன்ன வைத்தியம் இருபது கேஜ். அன்றைக்கு இருபது கேஜ் என்றால் பையன்களுக்கும் பெண்களுக்கும் என்று சிரிப்பார்கள். இன்றைக்கு இருபது கேஜ் வரிக்குழலும் நல்ல சபோவும் இருந்தால் பழைய பன்னிரண்டு கேஜைவிடத் திருத்தமாகச் சுடும், உதையும் குறைவு. சிரித்தவர்களே தோள்பட்டைக்கு ஆபரேஷன் செய்துகொண்டு இருபது கேஜுக்கு மாறியிருக்கிறார்கள்.

ஆனால் எனக்கு உண்மையில் இழப்பாகத் தோன்றுவது துப்பாக்கி சம்பந்தப்பட்டதே இல்லை. அன்றைக்குச் சுட்ட மானைச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும். நிலையம் என்றால் ஏதோ பெட்ரோல் பங்க், இல்லாவிட்டால் தூண்டில் புழு விற்கிற கடை. திங்கட்கிழமை மதியம் போனால் பிக்கப் லாரிகள் வரிசையாக நிற்கும். பின்தொட்டிகளில் மான், சுற்றி ஆரஞ்சுச் சட்டைகள். யார் தோப்பில், எத்தனை கெஜத்தில், என்ன ஸ்லக் என்று ஊரே விசாரிக்கும். எவனாவது நூற்றிருபது கெஜம் என்றால் கிழவர்கள் மானின் மறுபக்கத்தைப் புரட்டி ஓட்டையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காபி ஊற்றிக்கொள்ளப் போவார்கள். தோட்டா தேர்வு பற்றி நான் கற்றதில் பாதி அந்த மௌனத்தில் கற்றது. 2011இல் போனிலும் கம்ப்யூட்டரிலும் பதிவு வந்துவிட்டது. இன்றைக்கு வீட்டு வாசலில் நின்றுகொண்டே கட்டைவிரலால் முடித்துவிடலாம். சௌகரியம்தான். நூற்றிருபது கெஜம் என்றால் மறுத்துப் பேச ஆளில்லை.

பெரியவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. அவருடைய மகன் எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டோடு தம்பியும் நானும் போன வருஷம் அதே தோப்பில் உட்கார்ந்தோம். அங்கே நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் மரங்களுக்கு நடுவே அறுபது கெஜத்துக்கு மேல் கண் போகாது. 1950இலும் அப்படித்தான், 2014இலும் அப்படித்தான். தோப்புக்குச் சட்டத் திருத்தம் கிடையாது. தம்பியின் மான் முப்பத்தைந்து கெஜத்தில் வந்தது. கடையிலேயே மலிவான ஃபாஸ்டர், நாலு வெட்டு டியூப், பித்தளை மணி. இரண்டு அடி வைத்து விழுந்துவிட்டது. வீட்டுக்காரி மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்ததை மதுரைக்காரன் குறை சொல்லாமல் சாப்பிட்டான்.

இதிலிருந்து அவன் எடுத்த முடிவு, ஷாட்கன் பழசாகிவிட்டது என்பது. இந்த வருஷம் .350 லெஜண்ட் ரைஃபிள் வாங்கியிருக்கிறான். 2019இல் வின்செஸ்டர் கொண்டுவந்த தோட்டா, நேர்ச்சுவர், ஒஹாயோவில் செல்லும், தோளும் வலிக்காது. தப்பான தேர்வு என்று சொல்ல மாட்டேன். அதற்குச் சோக் டியூப் தேவையில்லை என்பதால் பழைய செட் விலைக்கு வருகிறது. மாஸ்பர்க் 500க்குப் பொருந்தும், பழைய வின்சோக் மரை உள்ளதற்கும் ஏறும். ரெமிங்டனில் ஏறாது, கேட்டுக்கொண்டு வர வேண்டாம். வாங்குகிறவர்கள் ஒரு வெட்டு டியூபை வான்கோழிக்கு எடுத்து வைத்துவிட்டு நாலு வெட்டு டியூபை மாட்டுங்கள். காகிதத் தட்டு உங்கள் செலவு.